பனிக்கழிவு

பொலுங்கார்விக் துறைமுகத்தில்
எடை போடுகிறவள் நான்,
இருபத்தாறு வருடமாக.
படகு வந்து கட்டியதும்
தொட்டி தொட்டியாகக் காட் மீன் மேடை ஏறும்.
மொத்தத்தில் தொட்டியின் எடை போகும்,
அப்புறம் பனிக்கழிவு:
மீன்மேல் கொட்டிய ஐஸ் கட்டிக்கு
நூற்றுக்குப் பத்து, சிலநாள் பன்னிரண்டு.
மிச்சம்தான் மீன்.
நான் கையெழுத்துப் போட்டால் பேச்சு முடிந்தது.
ஹால்கிரிமுர் போன்ற முரட்டுப் படகுத்தலைவர்களே
என் பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

போன செப்டம்பரில்
சீருடைக் கால்சட்டையின் பொத்தான் தெறித்து
எடைமேடையின் இடுக்கில் உருண்டது.
மாதவிலக்கு நின்று அப்போது பதினாலு மாதம்.
வீட்டுத் தராசில் ஒன்பது கிலோ கூடுதல்.

எந்தப் படகு இறக்கியது இதை,
ரசீது எங்கே?
அதே கருப்பு ரொட்டி, அதே தயிர்,
ஒரு கரண்டி வெண்ணெய்.
சரி, ஒன்றரை.

ஜனவரி. சன்னலில் பனி ஊசி ஊசியாய்.
நெஞ்சுக்குழியில் ஒரு அடுப்பு பற்றிக்கொண்டு
கழுத்துக்கு ஏறும்.
கோட்டைத் திறந்து போட்டபடி
துறைமேடை நுனிவரை ஓடுவேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் போலந்துக்காரன் ஸ்வாவோமிர்
முதல் தடவை அலறினான்,
கடலில் குதிக்கப் போகிறேனென்று.
இப்போது புருவத்தை மட்டும் தூக்குவான்:
சூடா?
சூடு.

மூன்று வாரம் மதியத்துக்கு வெறும் வெள்ளரிக்காய்.
மூன்று கிலோ போயிற்று.
மார்தட்டிக்கொண்டு டாக்டர் வால்போர்கிடம் போனேன்.
தன் இரண்டு விரலை நீட்டி, இறுக்கு என்றாள்.
இறுக்கினேன்.
இன்னும், என்றாள்.
இன்னும் இல்லை என்னிடம்.
"போனது இங்கேயிருந்து" என்று என் புஜத்தைத் தட்டினாள்.
"வயிறு இருந்த இடத்தில் இருக்கிறது."

எடைக்காரி நான்.
ஐஸை விட்டுவிட்டு
மீனைக் கழித்திருக்கிறேன்.

அன்றிரவும் தூக்கம் பிடிக்கவில்லை.
நாலு மணிக்குத் துறைமுகம் போய்
லாரி எடைமேடையில் ஏறி நின்றேன்,
பூட்ஸும் சாவிக்கொத்துமாக.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
எண்பது என்றது.
கோட்டைக் கழற்றி எறிந்தேன். எண்பது.
பூட்ஸை உதறினேன். எண்பது.
போன வருடத்து நானும் அதற்கு எண்பதுதான்.
ஒன்பது கிலோவெல்லாம்
ஒரு கடற்பறவை வந்து உட்கார்ந்த மாதிரி.
காலுறையோடு, இருட்டில்,
விக்கல் வருமளவு சிரித்தேன்.

இப்போது திங்களும் வியாழனும்
பள்ளிக்கூட ஜிம்மில் இரும்பு தூக்குகிறோம்,
மீன் வெட்டும் ஆலையிலிருந்து ஹால்பெராவும்
வங்கியிலிருந்து யோருனும் நானும்.
தூக்கும்போது யோருன் கெட்ட வார்த்தை சொல்வாள்,
இறக்கும்போது அதைவிடக் கெட்டதாக.
பிறகு நீச்சல்குளம்.
தண்ணீரில் இறங்குமுன் உடுப்பைக் களைந்து
எல்லோரும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், அது விதி.
ஹால்பெராவின் வயிற்றில் மூன்று பிரசவத்தின் வரிகள்,
யோருனுக்கு ஒரு முலை இல்லை,
என் இடுப்பில் புதிதாய் வந்த மடிப்பு.
ஷாம்பூவை மாற்றிக்கொள்கிறோம்.
யாரும் யாருக்கும் கழிவு போடுவதில்லை.

இரவு முட்டையோ மீனோ உண்டு. வெண்ணெய் ஒரு கரண்டி.
ஒன்றேகால்.
வீட்டுத் தராசைப் பரணில் போட்டுவிட்டேன்;
வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், உண்மையைச் சொன்னால்.
ஒன்பதில் ஆறு இன்னும் இருக்கிறது.
பொத்தானை இரண்டு விரல் தள்ளித் தைத்தாயிற்று.

நேற்று மீன்தொட்டி ஒன்று மேடையில் சரிந்தது.
ஸ்வாவோமிர் வருமுன் தோள் கொடுத்து
நிறுத்திப் பிடித்திருந்தேன்.
தொப்பியைத் தூக்கிப் பார்த்தார் ஹால்கிரிமுர்.
"எவ்வளவு இருக்கும்?"
"உங்கள் மீனா, நானா?"
பதில் வரவில்லை.
பத்து என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.